மரியோ முதல் வைஸ் சிட்டி வரை: பழைய வீடியோ கேம்களின் தேய்மானக் கணக்கு

1985 செப்டம்பர் 13. ஜப்பானில் சூப்பர் மரியோ பிரதர்ஸ் விற்பனைக்கு வருகிறது. இரண்டே நாள் கழித்து, செப்டம்பர் 15 அன்று, மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் மாவட்டம் பிறக்கிறது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் வயதைக் கணக்குப் போட வசதி! 2025-ல் இரண்டுக்கும் நாற்பது முடிந்தது.

இந்த நாற்பது வருடத்தில் வந்த கேம்களில் சில இன்றைக்கும் ஜம்மென்று இருக்கின்றன. பலவற்றை இப்போது எடுத்து விளையாடினால், ஐந்தே நிமிடத்தில் "இதையா அப்படிக் கொண்டாடினார்கள்?" என்று கேட்கத் தோன்றும். "கிராபிக்ஸ் பழசு, அதான்" என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மைதான்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் தெரியும். ஒரு இயந்திரம் பயன்படுத்துவதாலும் தேயும். புதிது வந்ததால் வழக்கற்றும் போகும். கேமுக்கு முதல் வகை கிடையாது. கேசட் துருப்பிடிக்கலாம், உள்ளே இருக்கும் கேம் துருப்பிடிக்காது. அப்படியானால் அது எதனால் வழக்கற்றுப் போகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிவியோடு போன துப்பாக்கி

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வந்தது. நம் ஊர்களுக்கு வந்தவை பெரும்பாலும் அதன் நகல் பெட்டிகள். கூடவே "9999999 இன் 1" கேசட். உள்ளே இருப்பது என்னவோ சில கேம்கள்தான். வேகத்தையும் ஸ்டேஜையும் மாற்றி மாற்றி அதையே பட்டியலை நிரப்பப் போட்டிருப்பார்கள்!

அதில் எல்லோருக்கும் பிடித்தது வாத்து சுடும் டக் ஹன்ட் (1984). துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் போய் டிவியில் படுகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மை தலைகீழ். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தெரியும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் உணரி பிடித்தால் வாத்து காலி.

இந்தத் தந்திரம் பழைய பிக்சர் டியூப் டிவியில் மட்டும்தான் நடக்கும். இன்றைய எல்இடி டிவி படத்தைக் காட்டச் சிறிது தாமதிக்கிறது. அதற்குள் கேம் "தப்பு" என்று முடிவு செய்துவிடும், நாய் சிரித்துவிடும். தமிழ்நாட்டில் 2006 முதல் அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவிகள் எல்லாம் டியூப் டிவிகளே. அவை பழைய இரும்புக் கடைக்குப் போனபோது டக் ஹன்டும் சேர்ந்தே போய்விட்டது.

காசுக்காகக் கொன்ற கேம்

கான்ட்ரா 1987-ல் காசு போட்டு விளையாடும் இயந்திரத்தில் வந்தது. ஒரு குண்டு பட்டாலே சாவு. சீக்கிரம் செத்தால்தானே அடுத்த காசு விழும்! 1988-ல் வீட்டுக்கு வந்தபோது காசுப் பெட்டி போய்விட்டது, கொலைவெறி மட்டும் அப்படியே இருந்தது. மூன்று லைஃபில் முடிப்பது சாதாரண ஆளால் ஆகாத காரியம். முப்பது லைஃப் தரும் ரகசியக் குறியீடு அதனால்தான் உலகப்புகழ் பெற்றது. கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986-ல் கிரேடியஸ் கேமைச் சோதிக்கும்போது தன்னால் முடிக்க முடியவில்லை என்று வைத்துக்கொண்ட குறுக்குவழி அது.

இதில் சேமிக்கும் வசதியும் இல்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். கடைசி ஸ்டேஜில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.

ப்ரவுசிங் சென்டர் நாயகர்கள்

அடுத்த தலைமுறைக்கு ப்ராஜெக்ட் ஐஜிஐ (2000). நார்வேயின் இன்னர்லூப் நிறுவனம் போர்விமான கேமுக்குச் செய்த அடித்தளத்தின் மேலேயே இதைக் கட்டியது. அதனால்தான் அவ்வளவு பரந்த வெளி, தூரத்து மலைகள். ஆனால் 14 மிஷனில் எதிலும் நடுவில் சேமிக்க முடியாது. அலாரம் அடித்தால் எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் சென்டரில் ஒரு மிஷன் தோற்பது என்றால் கைக்காசு நஷ்டம்! 2003-ல் வந்த இரண்டாம் பாகத்தில் குறிப்பிட்ட தடவை மட்டும் சேமிக்க விட்டார்கள். தயாரித்தவர்களுக்கே குறை தெரிந்திருக்கிறது.

ஜிடிஏ வைஸ் சிட்டி (2002) வேறு விதமாகக் கிழடு தட்டியது. பொம்மை ஹெலிகாப்டரில் குண்டு வைக்கும் அந்த மிஷனில் பாதிப் பேர் கேமையே விட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஹைத்தி மக்களைக் கொல்லச் சொல்லும் வசனத்துக்கு 2003-ல் அமெரிக்காவில் அந்த மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு வந்த பிரதிகளில் அது நீக்கப்பட்டது. இங்கே வசனத்தை யார் கவனித்தார்கள்? பைக் ஓட்டினால் போதும் என்றிருந்தது.

2021 நவம்பரில் இதைப் புதுப்பித்து விட்டார்கள். குறைகள் மலிந்த அந்தப் பதிப்புக்காக ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்பே கேட்க வேண்டியதாயிற்று. பழையதற்குப் புது பெயின்ட் அடித்தால் மட்டும் இளமை திரும்பாது.

தேயாதவை எவை?

சூப்பர் மரியோவின் மொத்த அளவு சுமார் 40 கிலோபைட். இன்றைய செல்போன் புகைப்படம் ஒன்று அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல், எதிரே வரும் முதல் எதிரியை வைத்தே குதிக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்காக (1989) ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டுப் படம் பிடித்து, அதைப் பார்த்து வரைந்தார். அந்த அசைவு இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஆக, கணக்கு இதுதான். டிவி, காசுப் பெட்டி, அந்தக் காலப் பொறுமை என்று வெளியே உள்ள ஒன்றின் மேல் சாய்ந்து நின்றவை, அது விலகியதும் விழுந்தன. சொந்தக் காலில் நின்றவை நிற்கின்றன.

சரி, விழுந்தவற்றைத் தூக்கி எறிந்துவிடலாமா? அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அங்கே வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் முறையாகக் கிடைப்பதில்லை. கணக்கு வழக்கு எல்லாம் உள்ள ஊரிலேயே இந்தக் கதி. பில் இல்லாமல் விற்ற நகல் கேசட்டுகளுக்கு எந்த ஏடு இருக்கப் போகிறது?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய பூட்டைத் திறக்க அதன் சாவி இருந்தால் போதும். டக் ஹன்டைத் திறக்க ஒரு டியூப் டிவியும் வேண்டும், துப்பாக்கியும் வேண்டும், அதை விளையாடிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவும் வேண்டும். பரணில் கேசட் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள் நண்பர்களே. விளையாட நன்றாக இல்லாவிட்டாலும், நம் ஊர்ப் பிள்ளைகள் முதன்முதலில் திரையோடு சண்டை போட்டதற்கு அதுதான் சாட்சி.