கடல் கடந்து வந்த பரிகள்

ஆவணி மூலத் திருவிழாவில், நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் நிகழும் நன்னாளில், சொக்கலிங்கப் பெருமானின் குதிரைச் சேவகக் கோலத்தை எண்ணி நாம் உருகுகின்றோம். குதிரை வாங்கக் கொண்டு சென்ற பொன்னை வாதவூரடிகள் திருப்பெருந்துறையிலே திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவிட்டார். அதற்காகப் பாண்டியன் அத்துணைச் சினங்கொண்டது ஏன்? குதிரை வாங்க முதலமைச்சரே கடற்கரைக்குச் செல்வானேன்? இவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

குதிரை நம் நாட்டிற்கு உரிய விலங்கன்று. இன்று உலகெங்கும் உள்ள வளர்ப்புக் குதிரைகளின் முன்னோர், ருசிய நாட்டில் வால்கா, தான் ஆகிய ஆறுகள் பாயும் புல்வெளிகளிலிருந்து ஏறத்தாழ 4,200 ஆண்டுகட்கு முன் பரவத் தொடங்கின என்று, பண்டை எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்த அறிஞர்கள் 2021-இல் வெளியிட்டனர். சென்ற இடந்தோறும் நிலத்திற்கேற்ப இனங்கள் பிரிந்தன. ஷெட்லாந்துத் தீவுகளின் குளிரில் குட்டையான மட்டக்குதிரை தோன்றிற்று. மார்வாரிலும் கத்தியவாரிலும் செவி நுனிகள் உள்வளைந்த குதிரைகளைக் காணலாம். அரபு நாட்டுப் பாலையிலோ அகன்ற கண்ணும், குழிந்த முகமும், உயர்த்திய வாலும், நெடுந்தூரம் ஓடியும் தளராத உடலும் உடைய இனம் உருவாயிற்று. பட்டினப்பாலை காலத்திலேயே குதிரைகள் கடல்வழி வந்தமை அந்நூலால் விளங்கும்.

பிற்காலப் பாண்டியர் இக்குதிரைகளுக்குக் கொடுத்த விலை நம்மைத் திகைக்க வைக்கின்றது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்திலிருந்து எழுதிய வஸ்ஸாப் என்பார் அதனை விரித்துரைக்கின்றார். கீஷ் தீவின் தலைவர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப உடன்பட்டார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் கடலிலே இறந்த குதிரைக்கும் அரசனே விலை தரவேண்டும்! இப்பொருள் கோயில் நிலங்களின் வருவாய் மிகுதியிலிருந்தும் கொடுக்கப்பட்டதாம்.

வந்த குதிரைகளாவது நிலைத்தனவா? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கின்றார். குதிரை வைத்தியம் அறிந்தார் இங்கு இல்லை. வணிகர் அத்தகையோரை அழைத்து வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரை மடிந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! வணிகரின் இச்சூழ்ச்சியை அவரே வெளிப்படையாக எழுதியுள்ளார்.

இவை அடிகளுக்குப் பிற்பட்ட செய்திகள் என்பதை மறவாமல், புராணத்தை மீண்டும் நோக்குவோம். குதிரைச் சேவகனாய் வந்த பெருமான் பரிகளின் இலக்கணத்தை எடுத்துரைத்து, கயிறு மாற்றிக் கொடுக்கின்றார். கயிறு கைமாறியபின் குதிரைக்கு நேர்வது வாங்கியவன் பொறுப்பு. விற்றவனைக் கேட்க வழியில்லை. கடலில் மடிந்த குதிரைக்கும் விலை கொடுத்த பாண்டியர் வழக்கை அறிந்தார்க்கு இக்கட்டத்தின் நுட்பம் இனிது விளங்கும். கோயில் வருவாய் குதிரைக்குப் போன நாட்டில், குதிரைக்குரிய பொன்னைக் கோயிலுக்கே ஆக்கியவர் அடிகள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கின்றோம்.

அன்றிரவு பரிகள் மீண்டும் நரிகளாயின. ஆனவை வாளா போகவில்லை. பந்தியிலே நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டு ஓடின. பாண்டியன் முன்னரே பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் அவை.