மாறும் ஆழத்தில் அலை: எலியேசர்–கிரே விளக்கத்தின் பயன்

ஆழம் இடத்துக்கிடம் மாறும் கடலில் ஓர் அலை எவ்வளவு உயரும் என்ற கேள்விக்கு ஜோர்ஜ் கிரீன் 1837இல் தந்த விதியே இன்றும் முதல் விடை: வீச்சம், ஆழத்தின் நான்காம் மூலத்துக்கு நேர்மாறு விகிதசமம். இதன்படி 4000 மீற்றர் ஆழத்திலிருந்து 10 மீற்றர் ஆழத்துக்கு வரும் அலை ஏறத்தாழ 4.5 மடங்கு உயரும். ஆனால் ஓர் அலைநீளத்துக்குள் ஆழம் சிறிதே மாறும் இடத்தில்தான் இவ்விதி செல்லும். ஆவர்த்தன காலம் 20 நிமிடம் எனக் கொண்டால், 4000 மீற்றர் ஆழத்தில் ஆழிப்பேரலையின் நீளம் ஏறத்தாழ 240 கிலோமீற்றர். 2004 டிசம்பர் 26இல் இலங்கையின் வடமராட்சி கிழக்கை அழித்தது போன்ற அலைக்கு, வங்காள விரிகுடாவின் அடித்தளம் கண்டமேடைக்கு ஏறும் சரிவு மிகக் குறுகியது. அச்சரிவைத் திடீர்ப் படியாகவே கொண்டால், உயர்வு 1.9 மடங்குதான், எஞ்சிய சக்தி ஆழ்கடலுக்கே தெறித்துத் திரும்பும். 4.5க்கும் 1.9க்கும் இடையிலான உண்மையான விடையைக் காண, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவராக இருந்த சி. ஜே. எலியேசர் வேறொரு சிக்கலுக்காகத் தந்த விளக்கமே தெளிவான வழி என்பது என் வாதம்.

எலியேசரும் கிரேயும் 1976இல் ஆராய்ந்தது, மீடிறன் காலத்தோடு மாறும் அலையத்தை. அதைத் தளமொன்றில் மையவிசைக்கு உட்பட்டு இயங்கும் புள்ளியின் நிழலாக அவர்கள் கண்டார்கள். லூயிஸ் 1967இல் அடைந்த மாறிலி, அப்புள்ளியின் கோண உந்தம் மாறாமையின் விளைவு என்பது அவ்வாறு புலனாயிற்று. ஒருபரிமாண அலைச் சமன்பாட்டில் காலத்தின் இடத்தைத் தூரம் பெறுகிறது. ஆழத்தால் வகுத்த தூரக்கூறுகளின் தொகையீட்டை மாறியாக எடுத்தால், கடலலையின் சமன்பாடு அதே அலையச் சமன்பாடாகிவிடும். அப்போது கோண உந்தம் என்பது அலை சுமந்து செல்லும் சக்திப்பாயம். ஆரை என்பது வீச்சம். ஆழம் மெல்ல மாறும்போது புள்ளியின் பாதை வட்டமாகவே விரியும். கிரீனின் விதி அதுதான். ஆழம் விரைந்து மாறினால் வட்டம் நீள்வட்டமாகும். அந்த நீட்சியே தெறிப்பு. மேற்சொன்ன திடீர்ப் படியில் ஆழ்கடற் பக்கத்து நீள்வட்டத்தின் பேரச்சு சிற்றச்சின் 20 மடங்கு. ஆழமற்ற பக்கத்தில், கரையில் மோதித் திரும்பும் அலையைச் சேர்க்காமல், வட்டத்தோடு தொடங்கி ஆழ்கடலை நோக்கிக் கணித்துச் சென்றால், எந்தச் சரிவுக்கும் இரு அச்சுகளும் கிடைக்கும். தெறிப்பும் உயர்வும் அவற்றிலிருந்தே வந்துவிடும்.

நேரியல் சமன்பாட்டை விட்டு, ஆரைக்கான எர்மகோவின் நேரிலிச் சமன்பாட்டுக்குப் போவது எளியதைக் கடினமாக்குவதல்லவா என்று கேட்கலாம். வலுவான கேள்வி, ஆனால் அந்த நேரிலித்தன்மை மேலோட்டமானது. நேரியல் சமன்பாட்டின் இரண்டு தீர்வுகளிலிருந்தே ஆரையை அமைக்கலாம் என்பதைப் பின்னி 1950இல் காட்டிவிட்டார். புதிய தீர்வு எதுவும் கிடைக்கவில்லை என்பது உண்மைதான், கிடைப்பது வீச்சத்தையும் அலைவையும் தனித்தனியாக்கும் பிரிப்பு. அலை ஏறி இறங்கும் இடங்களிலெல்லாம் ஆரை மெதுவாகவே மாறக்கூடும். ஆகவே கணிப்பின் படிகளை அகலமாக வைக்கலாம். ஊடகத்தை மெல்லிய அடுக்குகளாக வெட்டும் வழக்கமான முறையும் எண்களைச் சரியாகவே தரும். எனினும் கிரீனின் விதி எந்த இடத்தில், எவ்வளவு தவறுகிறது என்பதை அது காட்டுவதில்லை.

கடல் ஒருபரிமாணமல்ல என்ற மறுப்பை நான் ஏற்கிறேன். மணற்காட்டிலிருந்து உடுத்துறை வரை கரை ஏறத்தாழ நேராகச் செல்வதால், அங்கே கரைக்கு நேராக வரும் அலைக்கு இந்தக் கணிப்பு பொருந்தும். பருத்தித்துறை முனையைச் சுற்றிப் பாக்கு நீரிணைக்குள் வளையும் அலைக்கு இரண்டு பரிமாணங்கள் வேண்டும்; ஒற்றை ஆரையும் ஒற்றைக் கோண உந்தமும் அங்கே போதா.