ஒழுங்காக மூடாதவர் யார்?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வீட்டில் கணினி வைத்திருந்தோர் அந்த நீலத் திரையை மறந்திருக்கமாட்டார்கள். இணைய உலாவி உறைந்துவிடும்; சுட்டி அசையாது; மின்னிணைப்பைத் துண்டிப்பதைத் தவிர வேறு வழியிராது. மீண்டும் இயக்கினால் ஸ்கேன்டிஸ்க் என்னும் சோதனை மென்பொருள் தோன்றி, வின்டோஸ் முறைப்படி மூடப்படவில்லை என்றும், இச்செய்தியை இனிக் காணாதிருக்க எப்போதும் ஒழுங்காக மூடவேண்டும் என்றும் உபதேசிக்கும். 1996 இலும், பின்னர் 2001, 2002 ஆம் ஆண்டுகளிலும் நீண்ட மின்வெட்டுகளைச் சந்தித்த இலங்கையருக்கு இந்த உபதேசம் எவ்வளவு கசந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

குற்றச்சாட்டு ஒன்றைக் கண்டால் மறுதரப்பையும் விசாரிப்பது பத்திரிகைக்காரனாகிய எனது வழக்கம். அவ்வாறு விசாரித்தால் வழக்கு 1977 இற்குச் செல்கிறது.

அவ்வாண்டில் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் மார்க் மெக்டொனால்ட் 'ஃபாட்' என்னும் கோப்பு முறைமையை ஃபிளொப்பி தட்டுகளுக்காக உருவாக்கினார். அது ஒரு பேரேடு போன்றது. ஒரு கோப்பின் எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வருகிறது என்பதை அது குறித்துவைக்கும். கோப்பொன்றை எழுதும்போது பேரேடு, பெயர்ப்பட்டியல், உள்ளடக்கம் ஆகிய மூன்றும் மாறவேண்டும். இடையில் கணினி நின்றால் ஒன்று மாறியிருக்கும், மற்றொன்று மாறியிராது. பேரேட்டின் இரண்டு பிரதிகள் தட்டில் இருந்தன. எனினும் பாதியில் நின்ற வேலையை அவை முடித்துவைக்கமாட்டா. உரிமையாளரற்றுப்போன துண்டுகளையே ஸ்கேன்டிஸ்க் பொறுக்கியெடுத்தது.

உலாவிக்கு இதில் என்ன பங்கு? பார்க்கும் பக்கங்களின் படங்களையெல்லாம் அது சிறு கோப்புகளாக வன்தட்டில் சேமித்துக்கொண்டேயிருந்தது. ஆகவே அது விழும் வேளையில் தட்டில் எழுத்துவேலை நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். வின்டோஸ் 98 இலோ நினைவகத்தின் ஒரு பகுதி எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவாகத் திறந்துகிடந்தது. சாளரங்களைப் பற்றிய விபரங்களில் ஒரு பகுதி 64 கிலோபைட் களஞ்சியங்களுக்குள் அடங்கவேண்டியிருந்தது. உலாவிச் சாளரங்கள் பலவற்றைத் திறந்தால் அவை நிரம்பிவிடும். ஒரு மென்பொருள் விழும்போது முழு வீடும் விழுந்தது. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கையிலேயே, ஸ்கேனர் ஒன்றை இணைத்தபோது வின்டோஸ் 98 நீலத் திரையைக் காட்டியது. அங்கே மின்வெட்டும் இல்லை. அவசரக்காரப் பாவனையாளரும் இல்லை.

மாற்று மருந்து அப்போதே இருந்தது. 1993 இல் வெளிவந்த வின்டோஸ் என்.டி. 3.1 உடன் என்.டி.எஃப்.எஸ். என்னும் முறைமை வந்தது. பேரேட்டில் கைவைக்குமுன், செய்யப்போவதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது அதன் வழி. மின்சாரம் நின்றாலும், குறிப்பேட்டைப் பார்த்து வேலையை முடிக்கலாம் அல்லது முற்றாகக் கைவிடலாம். ஆனால் என்.டி.க்குக் குறைந்தது 12 மெகாபைட் நினைவகம் வேண்டும். 1995 இல் வந்த வின்டோஸ் 95 இற்கு 4 போதும். பழைய விளையாட்டுகளும் கருவிகளும் இயங்கவேண்டும் என்ற தேவையும் இருந்தது. எனவே உறுதியான முறைமை அலுவலகங்களுக்கும், மலிவானது வீடுகளுக்கும் என்றாயிற்று. 2001 ஒக்டோபரில் எக்ஸ்பி வந்த பின்னரே வீட்டுப் பாவனையாளருக்கு அந்தக் குறிப்பேடு பரவலாகக் கிடைத்தது. லினக்ஸிலும் அதே ஆண்டில் எக்ஸ்ட்3 இதே வழியில் இணைந்தது.

குறிப்பேடு காத்தது பேரேட்டைத்தான். சேமிக்காத கட்டுரையை அல்ல. உலாவிகளும் திருந்தவேண்டியிருந்தது. 2006 இல் ஃபயர்பொக்ஸ் 2, விழுந்தபின் பழைய பக்கங்களை மீட்கக் கற்றது. 2008 இல் குரோம், பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தது.

பழைய ஃபாட் இன்னும் மறையவில்லை. பென் டிரைவ்களிலும் நினைவக அட்டைகளிலும் அதன் வழித்தோன்றல்கள் வாழ்கின்றன. சொல்லாமல் பிடுங்கக்கூடாது என்னும் எச்சரிக்கைக்கு அதுவும் ஒரு காரணம்.

மின்சாரம் தடைப்படும், மென்பொருள் விழும், மனிதர் அவசரப்படுவர். இவற்றை முன்கூட்டியே எண்ணிக் கட்டுவது கட்டுவோரின் பொறுப்பு. எட்டாண்டுகளாக அப்பொறுப்பைச் சுமந்தவர்கள் வீட்டுப் பாவனையாளர்கள். அறிவுரை கேட்டவர்களும் அவர்களே.