ரைஸ்னா நெல்லா, அரிசியா?

உழவர்கரையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஜப்பானியக் கிடங்கு ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். திரையில் ‘ரைஸ்’ என்று ஒரு சொல். அதை ஜப்பானிய மொழிக்கு மாற்றணும். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட ‘கோஹன்’ என்பதைப் போட்டேன். ஜப்பான் பக்கத்து சகா சிரித்துவிட்டார். கோஹன் என்றால் வெந்த சோறு. கிடங்கில் பத்து டன் சோறு இருப்பதாக என் திரை சொல்லிக்கொண்டிருந்தது. சரி என்று ‘கோமே’ போட்டேன். அது அரிசி, அதுவும் தப்பு. அங்கே வந்து இறங்குவது உமியோடு இருக்கிற ‘மொமி’.

கீழே வந்து ஆயாவிடம் புலம்பினேன். “ரைஸ்னா எதுடா? நெல்லா, அரிசியா, சோறா?” அவ்வளவுதான். நடுவில் ஆங்கிலம் இல்லாமல் தமிழிலிருந்தே போயிருந்தால் ஒரு நிமிட வேலை. வயலில் நிற்கும் பயிருக்கு ‘இனே’ என்று தனிச்சொல்கூட அவர்களிடம் உண்டு. ஓட்டலில் தட்டில் வைத்தால் அதே சோறு ‘ராய்சு’ ஆகிவிடும், நம்ம ஃப்ரைட் ரைஸ் மாதிரி.

வரலாறு படிக்கும்போது இந்தக் குழப்பம் இன்னும் பெரிசு. சோழர் காலத்து வரி, ஜப்பானில் தொகுகவா ஆட்சியின் (1603–1868) வரி, இரண்டையும் ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்றே எழுதிவிடலாம். ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனின் ஊர்கள் அளக்க வேண்டியது நெல், கலக் கணக்கில். ஜப்பானில் ஒரு பிரபுவின் தகுதியைச் சொன்ன ‘கொகு’, சுமார் 180 லிட்டர், உமி நீக்கிய அரிசியின் அளவு. குடியானவர்கள் வைக்கோல் மூட்டையில் அரிசியாகவே கட்டிக் கொடுத்தார்கள்.

தஞ்சைக் கல்வெட்டுகளே மாற்றுக் கணக்கும் சொல்கின்றன: ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி. ஆக, எது என்று கேட்காமல் இரண்டு நாட்டு வரியையும் பக்கத்தில் வைத்தால் இரண்டரை மடங்கு பிழை. உமி நீக்குகிற உழைப்பு யார் தலையில் விழுந்தது என்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகும். எனக்கு அதுதான் பெரிய பிழையாகப் படுகிறது.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர், நெல் விவசாயமும் அதன் சொற்களும் தமிழ் நிலத்திலிருந்து ஜப்பானுக்குப் போனவை என்று வாதிட்டார். நமக்குக் கேட்க இனிக்கும். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை, நானும் ஏற்கலை. மலாயிலும் பாடி, பெராஸ், நாசி என்று மூன்று சொல் இருக்கிறதே. நட்டு, குத்தி, வடிக்கிறவர்கள் இருக்கிற ஊரில் சொற்கள் தனித்தனியாகத்தான் இருக்கும்.

எங்க ஊர் பெயரில் உழவர் இருக்கிறார், வயலைத்தான் தேடணும். என் மகள் நெல்லை முதலில் பார்த்தது கல்யாண மேடையில், நிறைநாழியில்.

திரையில் இப்போது மொமி வந்துவிட்டது. உள்ளே கோடில் மட்டும் மாறியின் பெயர் இன்னும் ரைஸ்தான். பக்கத்தில் தமிழில் ஒரு கமெண்ட் போட்டு வைத்திருக்கிறேன்: “இது நெல். அரிசி இல்லை. மாத்திடாதீங்க.”