பிரபஞ்சத்தின் ஆரம்பகால மூட்டத்தை விலக்கியது யார்? குட்டி கேலக்ஸிகள் செய்த பெரிய வேலை!

பல கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளைக்கூட இன்று டெலஸ்கோப்பில் தெளிவாகப் பார்க்க முடிகிறது. ஆனால் பிரபஞ்சம் பிறந்த புதிதில் எங்கு பார்த்தாலும் ஹைட்ரஜன் மூட்டம்தான். அது எப்படி விலகியது?

மூட்டம் வந்தது எப்படி?

சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெருவெடிப்பு நடந்தது. அடுத்த 3.8 லட்சம் ஆண்டுகளில் சூடு தணிய, தனித்தனியாக அலைந்த புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்களாக மாறின. அப்போது நட்சத்திரம் ஒன்றுகூட கிடையாது. இதைத்தான் 'இருண்ட காலம்' என்கிறார்கள்.

அயனியாக்கம்னா என்ன?

சிம்பிளா சொன்னா, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுப்பது. ஹைட்ரஜனில் இதைச் செய்ய 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சாதாரண வெளிச்சத்துக்கு அந்தச் சக்தி இல்லை. வீரியமான புற ஊதாக் கதிருக்கு உண்டு.

முதல் கேலக்ஸிகளில் பிறந்த ராட்சத நட்சத்திரங்கள் இந்தக் கதிரை அள்ளி வீசின. ஒவ்வொரு கேலக்ஸியைச் சுற்றியும் அயனியான வாயு ஒரு குமிழி போல விரிந்தது. குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்தன. பெருவெடிப்பு நடந்து சுமார் 100 கோடி ஆண்டுகளில் மூட்டம் கிட்டத்தட்ட முழுசா விலகிவிட்டது.

பெரிய கேலக்ஸிகளா, சின்ன கேலக்ஸிகளா?

விஞ்ஞானிகளைக் குழப்பிய கேள்வி இதுதான். பிரகாசமான பெரிய கேலக்ஸிகள் அப்போது குறைவு. சின்னவை ஏராளம், ஆனால் கண்ணுக்கே சிக்காத அளவுக்கு மங்கலானவை.

இங்கேதான் 2021 டிசம்பர் 25-ல் விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் கைகொடுத்தது. ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கூட்டத்தின் ஈர்ப்பு விசை, பின்னால் இருந்து வரும் ஒளியை லென்ஸ் போலப் பெரிதாக்கிக் காட்டும். அதன் வழியே 8 மங்கலான குட்டி கேலக்ஸிகளை ஆய்வு செய்தார்கள். இதுவரை நினைத்ததைவிட சுமார் 4 மடங்கு அதிகமாக அவை அயனியாக்கும் கதிரை உருவாக்கியது தெரியவந்தது. 2024 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. அந்தக் கதிரில் வெறும் 5 சதவீதம் வெளியே தப்பியிருந்தாலே போதுமாம்!

இப்போ புதுச் சிக்கல்

முன்பு கதிர் பத்தவில்லை என்பது கவலை. இப்போது கூட்டிப் பார்த்தால் கதிர் தேவைக்கு மேலேயே வருகிறது. அப்படியென்றால் மூட்டம் இன்னும் சீக்கிரமே விலகியிருக்க வேண்டுமே? கேலக்ஸியிலிருந்து உண்மையில் எவ்வளவு கதிர் தப்பியது என்பதில்தான் விடை இருக்கிறது. அதை அளப்பதுதான் அடுத்த சவால்.