1919: இரண்டு லுத்தரன் திருச்சபைகள், இரண்டு விடைகள்

அந்தமானில், குட்வில் எஸ்டேட்டில் தங்கியிருந்து இப்பதிவை எழுதுகிறேன். இத்தீவுகளில் ‘ராஞ்சிக்காரர்’ என்று பொதுவாக அழைக்கப்படுவோர் சோட்டா நாக்பூர்ப் பீடபூமியின் உராவ், முண்டா, கடியா பழங்குடியினர். 1918 முதல் காட்டுவேலைக்காகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள். அவருள் கத்தோலிக்கரும் உளர், லுத்தரன் சபையாரும் உளர். அண்மையில் மாணவர் ஒருவர் கேட்டார்: “ஐயா, ராஞ்சி லுத்தரன் சபையும் நம் தமிழ் லுத்தரன் சபையும் ஒன்றுதானே?” ஒன்றல்ல. ஆனால் இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே காரணத்தால் தன்னாட்சி பெற்றவை. அவை அமைந்த விதமோ முற்றிலும் வேறு. அந்த வேறுபாட்டைப் பற்றியே இப்பதிவு.

முதலில் தமிழ்ப்பக்கம். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்தனர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்று இந்தியாவின் முதல் சீர்திருத்தத் திருச்சபைக் குருவானார். இவையெல்லாம் பாடநூல்களில் உள்ளவை. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. மிஷன் பணி லைப்சிக் மிஷனின் கைக்கு வந்தது. ஸ்வீடன் திருச்சபையின் மிஷனரிகளும் அதனுடன் இணைந்து உழைத்து, 1901 முதல் தமக்கெனத் தனிக்களம் கொண்டனர்.

இக்காலத்தின் மையச் சிக்கல் சாதி. ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டார். லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுலோ சாதியைச் சமூக வழக்கமாகக் கருதி, அதனை உடனடியாக ஒழிக்க வற்புறுத்தலாகாது என்றார். ஆங்கிலிக்க ஆணையை ஏற்காத வேளாளக் கிறித்தவர் பலர் லைப்சிக் சபையை நாடினர். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த அதே கிரவுலின் முடிவு இது. தமிழ்ப் பண்பாட்டின்மேல் கொண்ட மதிப்பும் சாதியைப் பொறுத்துக்கொண்ட போக்கும் ஒரே மனிதரிடம் இருந்தன. எனவே பின்னாளில் ‘தமிழரின் திருச்சபை’ என்று பேசப்பட்டபோது, எந்தத் தமிழரின் திருச்சபை என்ற கேள்வியும் உடன் வந்தது.

இனி ராஞ்சிப்பக்கம். பெர்லினில் வாழ்ந்த யோகன்னஸ் கோஸ்னர் அனுப்பிய நால்வர் 1845 நவம்பர் 2 அன்று ராஞ்சியை அடைந்தனர். 1850இல் உராவ் மக்கள் நால்வர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றனர். அதன்பின் சபை விரைந்து வளர்ந்ததற்கு நிலமும் ஒரு காரணம். ஜமீன்தார்களிடம் மூதாதையர் நிலத்தை இழந்துகொண்டிருந்த முண்டாக்களும் உராவ்களும் மிஷனரிகளைத் துணையாகக் கண்டனர். அத்துணை போதாதென உணர்ந்தபோது, ‘சர்தாரி’ இயக்கத்தின் வழியாகத் தாமே மனு எழுதினர், வழக்காடினர். மிஷன் பள்ளியில் சிறிதுகாலம் பயின்ற பிர்சா முண்டா பின்னர் மிஷனிலிருந்து விலகிக் கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றதும் இப்பின்னணியில்தான். 1908இல் சோட்டா நாக்பூர்க் குத்தகைச் சட்டம் வந்தது. மனுவும் கூட்டமும் தீர்மானமும் இம்மக்களுக்குப் புதியவை அல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்க.

1914இல் போர் மூண்டது. பிரித்தானிய இந்தியாவில் ஜெர்மானியர் பகைநாட்டார் ஆயினர். மிஷனரிகள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1915லும் 1916லும் ‘கோல்கொண்டா’ கப்பலில் பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகச் சம்பளம், பள்ளி, குருமார் நியமனம் அனைத்தையும் கையில் வைத்திருந்தோர் சில திங்களுக்குள் இல்லாமற் போயினர். அந்த வெற்றிடத்தை யார் நிரப்பினர் என்பதே இரு சபைகளின் அமைப்பையும் தீர்மானித்தது என்பது என் கருத்து.

தமிழகத்தில் ஸ்வீடன் மிஷனரிகள் அருகிலேயே இருந்தனர். ஸ்வீடன் நடுநிலை நாடு. எனவே லைப்சிக் களத்தின் பொறுப்பையும் அவர்களே ஏற்றனர். 1919 ஜனவரி 14 அன்று தரங்கம்பாடியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. பேராயர் பதவியைக் காத்துவரும் ஸ்வீடன் மரபு இங்கும் வந்தது. 1921 மார்ச் 14 அன்று எர்ன்ஸ்ட் ஹியூமன் முதல் தரங்கைப் பேராயராக அருட்பொழிவு பெற்றார். அவருக்குப்பின் டேவிட் பெக்செல், 1934 முதல் யோகன்னஸ் சாண்டகிரன். மூவரும் ஸ்வீடன் நாட்டு மிஷனரிகள். சேகரம், ஆலோசனைச் சங்கம், சினாடு என்ற படிநிலையில் தமிழர் அமர்ந்திருந்தனர். உச்சியில் இருந்த இருக்கை மட்டும் 37 ஆண்டுகள் அவர்களுக்குக் கிட்டவில்லை. 1956 ஜனவரி 14 அன்றுதான் ராஜா பூஷணம் மாணிக்கம் முதல் இந்தியப் பேராயரானார். ஆங்கிலிக்கரிடையே அசரியா தோர்ணக்கல் பேராயரானது 1912இலேயே என்பதை ஒப்பிட்டால் இத்தாமதத்தின் அளவு விளங்கும்.

ராஞ்சியிலோ அருகில் வேறு லுத்தரன் மிஷனரிகள் இல்லை. ஆங்கிலிக்கப் பேராயர் பாஸ் வெஸ்ட்காட் போர்க்காலத்தில் பொறுப்பை ஏற்று உதவினார். அவ்வுதவியோடு ஆங்கிலிக்கத் திருச்சபையில் கலந்துவிடலாம் என்ற எண்ணமும் எழுந்தது. சபையார் அதனை ஏற்கவில்லை. 1919 ஜூலை 10 அன்று தம்மைத் தன்னாட்சித் திருச்சபையாக அறிவித்தனர். ஹானுக் தத்தோ லக்ரா தலைவரானார். பீட்டர் ஹுராத் செயலரானார். பேராயர் இல்லை, ஐரோப்பியத் தலைமையும் இல்லை. ‘கற்காத பழங்குடியினர்’ என்று காலனிய ஏடுகள் எழுதிய மக்கள், இரு நூற்றாண்டுச் சபை வரலாறு கொண்ட தமிழருக்கு 37 ஆண்டுகள் முன்பாகவே தம் தலைவரைத் தாமே அமர்த்திக்கொண்டனர்.

எனினும் ராஞ்சியை வெற்றிக்கதையாகவும் தமிழகத்தை ஏமாற்றக்கதையாகவும் வாசிப்பது பிழை. 1919 ஜூன் 28இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின் 438ஆம் பிரிவு, ஜெர்மன் மிஷன் சொத்துகளை அதே சமயக் கொள்கையுடைய அறங்காவலர்களிடம் ஒப்படைக்கச் சொன்னது. சபைகளின் பெயர் அதில் இல்லை. பன்னிரண்டே நாள் கழித்து ராஞ்சி தன்னாட்சியை அறிவித்தது. தலைமை உள்ளூரிலும் உடைமை வேறிடத்திலும் இருந்த நிலை இரு சபைகளுக்கும் பொது. உள்முரண்களும் இரு பக்கமும் உண்டு. தமிழகத்தில் சாதி, ராஞ்சியில் உராவ், முண்டா இடையேயான இழுபறி. அதன் விளைவாக 1977இல் வடமேற்குக் கோஸ்னர் திருச்சபை பிரிந்தது. 1990களில் ராஞ்சிச் சபையும் பேராயர் ஆட்சியை ஏற்றது. 1919இல் வேண்டாதிருந்ததை அவர்கள் பின்னர்த் தாமே தேர்ந்தனர். அத்தேர்வும் தன்னாட்சியின் பகுதியே.

ஆய்வு மாணவருக்கு ஒரு முறைமைக் குறிப்பு. ஒரு சபை எப்போது ‘தேசியத் திருச்சபை’ ஆனது என்ற கேள்விக்கு ஒரே ஆண்டை விடையாக எழுதாதீர்கள். பெயர் மாறிய நாள், பதவி மாறிய நாள், சொத்தும் பணப்பெட்டியும் கைமாறிய நாள் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். தமிழ்ச் சபைக்கு முதலாவது 1919, இரண்டாவது 1956. மூன்றாவதை நூற்றாண்டு மலர்களில் தேடுவதைவிடப் பத்திரப் பதிவுகளிலும் அறக்கட்டளை ஆவணங்களிலும் சேகரக் கணக்கேடுகளிலும் தேடுவதே பயன்தரும்.

இறுதியாக ஒன்று. சோட்டா நாக்பூர் மக்கள் இத்தீவுகளின் காட்டுக்கு மரம் வெட்டக் கொண்டுவரப்பட்டது 1918. மறு ஆண்டு அவர்தம் உறவினர் ராஞ்சியில் கூடித் தம் திருச்சபைக்குத் தலைவரை அமர்த்தினர். அந்தமான் பற்றிய எழுத்துகளில் இம்மக்கள் பெரும்பாலும் ‘கூலி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்படுகின்றனர். அச்சொல்லை அடுத்தமுறை எழுதும்போது 1919 ஜூலை 10ஐயும் நினைவில் கொள்வோம்.