விளையாட்டு வீரரும் நீவுதற்கலையும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கலையின் தொன்மையை அதனோடு தொடர்புடைய ஒரு பெயரே சில வேளைகளில் உணர்த்திவிடும். பண்டைய கிரேக்கத்தில் இளைஞருக்கு மற்போரும் பிற பயிற்சிகளும் கற்பித்த ஆசிரியன் ‘பைடோட்ரிபேஸ்’ எனப்பட்டான். ‘சிறுவரைத் தேய்ப்பவன்’ என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். ஒலிவெண்ணெய் பூசித் தேய்ப்பதும், பின்னர் எண்ணெயையும் புழுதியையும் வளைந்த உலோகக் கருவியால் வழித்தெடுப்பதும் அங்குப் பயிற்சியின் கூறுகளாகவே விளங்கின. மருத்துவரும் இக்கலையைப் புறக்கணித்தாரல்லர். தேய்த்தல் தளர்ந்த மூட்டை இறுக்கவும் இறுகிய மூட்டைத் தளர்த்தவும் வல்லது என்ற கருத்து, ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியிற் காணப்படுகின்றது.

இவ்வழக்கத்திற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் கலன் ஆவார். கி.பி. 157 இல் பெர்காம நகரில் வாட்போர் வீரரின் மருத்துவராக அமர்ந்த இவர், பிற்காலத்தில் உடல்நலம் பேணல் பற்றி ஆறு பாகங்கொண்ட நூலொன்றை இயற்றினார். பயிற்சிக்கு முன் செய்யும் தேய்ப்பு உடலை வெம்மையூட்டி இளக்கும். பயிற்சிக்குப் பின் செய்வது உடலிற் தேங்கிய கழிவுகளை அகற்றிக் களைப்பைத் தவிர்க்கும் என்பது அவர் கொள்கை.

நவீன காலத்தில் இக்கலையின் தந்தை என லிங் என்பவரைச் சுட்டுவது பெருவழக்கு. 1813 இல் ஸ்ரொக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவரே. எனினும் அவருடைய முறையில் மேலோங்கி நின்றது மருத்துவ உடற்பயிற்சியே. நீவுதல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல் என இன்று வழங்கும் பகுப்பு, 1868 இல் கணுக்கால் சுளுக்குப் பற்றி ஆய்வேடு எழுதிய ஒல்லாந்த மருத்துவர் மெற்சரோடும் அவர் மரபினரோடும் தொடர்புடையது. அப்பகுப்பின் பிரெஞ்சுப் பெயர்களை லிங்கின் மீது ஏற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இருபதாம் நூற்றாண்டின் பயிற்றுநர் இம்முறைகளை ஆடுகளத்திற்குரியனவாக்கினர். போட்டிக்கு முன் விரைவான தேய்ப்பும், பின்னர் மெதுவான, நீண்ட நீவலும் வழக்காயின. நீவுதல் தசையிற் சேர்ந்த இலக்ரிக் அமிலத்தை வெளியேற்றுகின்றது என்பதே அவர்கள் பெரிதும் கூறிய காரணம். நுணுகி நோக்கின், இது கலனின் ‘கழிவு’க் கொள்கை இரசாயனப் பெயர் பூண்டு மீண்டும் வந்ததேயாகும்.

ஆய்வுகூடம் இக்காரணத்தை ஏற்கவில்லை. அவ்வமிலம் ஓய்வின்போது ஒரு மணி நேர அளவிற் தானாகவே நீங்கிவிடும். மெல்லோட்டம் அதனை மேலும் விரைவுபடுத்தும். கையால் நீவுதல் தசைக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மிகுவிக்கவில்லை என 1995 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. 2020 இல் 29 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், வலிமையோ வேகமோ தாங்குதிறனோ நீவுதலால் உயர்ந்தமைக்குச் சான்று கண்டிலர். ஆயினும் உடலின் நெகிழ்ச்சி சிறிது கூடுவதையும், பயிற்சிக்கு அடுத்த நாட்களில் தோன்றும் தசைநோவு சிறிது தணிவதையும் அவர்கள் கண்டனர்.

எனவே, காரணம் பிழைத்தமையால் வழக்கமும் பிழை எனக் கொள்வதற்கில்லை. இறுகிய மூட்டு இளகும் என்ற பழைய அவதானிப்பு ஓரளவு நிலைத்துள்ளது. கழிவு நீங்கும் என்ற விளக்கமே வீழ்ந்தது. கைகள் அனுபவத்தாற் கண்டதையும் அதற்கு அறிவு கற்பித்த காரணத்தையும் வேறுபிரித்து நோக்குதலே வரலாற்று மாணவனின் கடனாகும்.